வேகக் கணக்கு: கயிறும் கடிகாரமும் முதலில், சூத்திரம் அப்புறம்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்க வருவார்கள். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை கலந்த கூட்டம். இயக்கம், வேகம் என்ற பாடம் தொடங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான்: "அக்கா, இதுல எதை எதால வகுக்கணும்?"

கேட்கிற பிள்ளைக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. வேகம் என்பது தொலைவு வகுத்தல் காலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் கணக்கில் 200 என்றும் 25 என்றும் இரண்டு எண்ணைப் பார்த்ததும் எது மேலே, எது கீழே என்று தடுமாறும். நானும் ஒரு காலத்தில் முக்கோணம் போட்டு, மேலே தொலைவு, கீழே வேகமும் காலமும் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தவள்தான். விடை வந்தது. வேகம் என்றால் என்ன என்பது வரவில்லை. ஒரு பையன், நடந்து போகிறவரின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று எழுதிவிட்டு, கண் இமைக்காமல் அடுத்த கணக்குக்குப் போனான். அன்றோடு முக்கோணத்தை விட்டேன்.

இப்போது எங்கள் திண்ணையில் முதல் இரண்டு மாலைக்குச் சூத்திரமே கிடையாது. இந்தப் பாடத்தை முதல்முறையாகத் தொடும் பிள்ளைகளும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன் அக்காக்களும் அப்படியே செய்து பாருங்கள். நீளமான கயிறு, மேஸ்திரி வைத்திருக்கும் டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன், சாக்பீஸ், சைக்கிள், ஒரு கோலிக்குண்டு, கட்டம் போட்ட நோட்டு இருந்தால் போதும். வீட்டில் குழாய் வேலை செய்தபோது மிஞ்சிய பி.வி.சி. பைப் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எருது விடும் தெருவில் தொடங்குங்கள்

பொங்கல் முடிந்ததும் நம் பக்கம் எருது விடும் விழா களைகட்டும். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள்: எந்தக் காளை ஜெயித்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாரும் யோசிக்கவே மாட்டார்கள். நேரம் குறைவாக எடுத்த காளை. சரி, தூரத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் ஒரு குரல் வரும்: "எல்லாக் காளைக்கும் ஒரே தூரம்தானே அக்கா."

அதுதான் வேண்டும். தூரம் சமமாக இருந்தால் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள். தெருவில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிற்கவைத்து விசில் அடியுங்கள். பத்து நொடியில் மறுபடி விசில். கேட்டதும் அங்கங்கே நின்றுவிட வேண்டும். யார் அதிக தூரம் போயிருக்கிறார்களோ அவர்தான் வேகம். நேரம் சமமாகிவிட்டதால் தூரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாவது கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு காளை 100 மீட்டரை 8 நொடியில் ஓடியது. இன்னோர் ஊரில் வேறொரு காளை 120 மீட்டரை 10 நொடியில் ஓடியது. (எண்கள் நான் வைத்தவை.) எது வேகம்? தூரமும் சமமில்லை, நேரமும் சமமில்லை. இங்கே சண்டை வரும், வரட்டும். நேரம் குறைவு என்று சிலர் முதல் காளைக்கு ஓட்டுப் போடுவார்கள், தூரம் அதிகம் என்று சிலர் இரண்டாவதற்கு. யாராவது ஒரு பிள்ளை, "ரெண்டும் ஒரு நொடியில எவ்வளவு ஓடுச்சுன்னு பாத்தா தெரிஞ்சிடும்ல" என்று சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். எங்கள் திண்ணையில் ஒருமுறை அதற்கு இருபது நிமிடம் ஆனது. முதல் காளை நொடிக்கு 12.5 மீட்டர், இரண்டாவது 12 மீட்டர்.

எதை எதால் வகுப்பது என்ற கேள்வி இந்த இடத்தில் செத்துப்போகிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நொடியால்தான் வகுக்க முடியும். இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு முக்கோணம் தேவைப்படாது.

ஒரு சின்ன விஷயம். வீட்டில் தூரம் என்போம், புத்தகம் தொலைவு என்கிறது. வீட்டில் நேரம், புத்தகத்தில் காலம். இரண்டும் ஒன்றுதான். பேசும்போது எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், பரீட்சைத் தாளில் புத்தகச் சொல்லை எழுதச் சொல்லுங்கள்.

நகர்கிறதா, இல்லையா?

இதற்குப் பத்து நிமிடம் போதும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து பஸ் பின்னால் நகர, நம் பஸ்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து ஏமாந்திருப்போம். தரையையோ தூணையோ பார்த்த பிறகுதான் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று தெரியும். ஆக, ஒரு பொருள் நகர்கிறது என்று சொன்னால், எதை வைத்துப் பார்க்கும்போது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஓடும் பஸ்ஸில் கண்டக்டரை வைத்துப் பார்த்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரோட்டோரப் புளியமரத்தை வைத்துப் பார்த்தால் பறக்கிறீர்கள். பூமி தன்னைத்தானே சுற்றுவதைக் கணக்கில் எடுத்தால், கிருஷ்ணகிரியில் சம்மணம் போட்டுக் களி சாப்பிடுகிறவரும் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார். கூடவே தட்டும் தரையும் காற்றும் அதே வேகத்தில் போவதால் தெரிவதில்லை. பள்ளிக் கணக்குகளில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் தரையை வைத்தே பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அளப்பது

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு முழு மாலை இதற்கே போகட்டும்.

வண்டி வராத சந்தில் 20 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். டேப்பில் ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி இருக்கும். இங்கே நானே ஒருமுறை சறுக்கினேன். அவசரத்தில் அடிப் பக்கத்தைப் பார்த்து 20 என்று குறித்துவிட்டேன். 20 அடி என்பது சுமார் 6 மீட்டர்தான். எட்டாவது படிக்கும் பெண் சாவகாசமாக நடந்து 5 நொடியில் கடந்தாள். கணக்குப் போட்டால் நொடிக்கு 4 மீட்டர், மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நான் இவ்ளோ வேகமா நடந்தா ஸ்கூலுக்கு லேட்டே ஆகாதே!" தப்பைப் பிடித்தது நான் இல்லை, அவள்தான். விடையைப் பார்த்ததும் இது நடக்கிற காரியமா என்று கேட்கும் அந்தப் பழக்கம் சூத்திரத்தைவிடப் பெரியது. அதனால் அந்தத் தப்பை இப்போது வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுகிறேன்.

கோடு போட்டாயிற்று. முதலில் நடக்கவிடுங்கள், அப்புறம் ஓட, அப்புறம் சைக்கிள். புறப்படும் கோட்டில் நின்ற நிலையில் இருந்து கிளம்பினால் வேகம் பிடிக்கவே கொஞ்ச நேரம் போய்விடும். ஐந்தாறு மீட்டர் பின்னால் இருந்து வந்து கோட்டைத் தாண்டட்டும். ஒருவர் கோட்டருகில் கையை இறக்க, மறுமுனையில் போன் வைத்திருப்பவர் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக வராது. 15.6, 16.3, 16.1 என்று வரும். எது சரி என்று கேட்பார்கள். மூன்றும் சரிதான், மூன்றிலும் கொஞ்சம் பிசகு இருக்கிறது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 16.

பிசகு எங்கிருந்து வருகிறது என்று காட்ட ஒரு விளையாட்டு. 30 செ.மீ. ஸ்கேலை மேல் முனையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பிள்ளை தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலின் சுழிய முனைக்கு இரண்டு பக்கமும் தொடாமல் வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள், அது பிடிக்க வேண்டும். பெரும்பாலும் 15-லிருந்து 20 செ.மீ. நழுவிய பிறகுதான் பிடிபடும். 20 செ.மீ. விழ ஆகும் நேரம் 0.2 நொடி. கண் பார்த்து மூளை சொல்லி விரல் மூடுவதற்கு அவ்வளவு நேரம் தேவை. ஸ்டாப்வாட்ச் 16.27 என்று இரண்டு தசமம் காட்டுகிறது என்பதற்காக அதை அப்படியே நம்பக் கூடாது. அழுத்துகிற விரலுக்கு அந்தக் கூர்மை இல்லை. 20 மீட்டரை 3 நொடியில் ஓடுகிறவனுக்கு இந்த 0.2 நொடி பெரிய பிசகு. அதனால் வேகமாகப் போகும் பொருளுக்கு நீளமான தூரம் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்த பிள்ளை 20 மீட்டரை 16 நொடியில் கடந்தால் நொடிக்கு 1.25 மீட்டர். ஓடியவன் 5 நொடி என்றால் நொடிக்கு 4 மீட்டர். சைக்கிள் 4 நொடி என்றால் 5 மீட்டர். இனி இந்த மூன்று எண்ணும் பிள்ளைகளிடம் அளவுகோலாக இருக்கும். கணக்கில் ஒருவர் நொடிக்கு 25 மீட்டர் நடந்தார் என்று விடை வந்தால், சைக்கிளைவிட ஐந்து மடங்கா என்று தானாகக் கேட்கும்.

மீட்டருக்கும் கிலோமீட்டருக்கும் நடுவே

அலகு மாற்றத்தில்தான் மதிப்பெண் போகிறது. 5/18-ஆல் பெருக்கு, 18/5-ஆல் பெருக்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் எது எதற்கு என்று மறுபடி குழம்புவார்கள். எங்கள் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 3,600 நொடி. அப்படியே மிதித்துக்கொண்டே போனால் 5 × 3,600 = 18,000 மீட்டர். அதாவது 18 கிலோமீட்டர். நொடிக்கு 5 மீட்டர் என்றாலும் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றாலும் அதே சைக்கிள்தான்.

இந்த ஒரு ஜோடியை மட்டும் நினைவில் வைத்தால் மற்றவை அதன் மடங்குகள். நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கி.மீ., 20 என்றால் 72, 25 என்றால் 90. உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார், நொடிக்கு 10.4 மீட்டர், மணிக்கு 37 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டவுன் தெருவில் போகும் மொபெட்டோடு அவர் கூடவே ஓடிவருவார் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

மணிக்கணக்கு எண் எப்போதும் நொடிக்கணக்கு எண்ணைவிடப் பெரியது, 3.6 மடங்கு. நொடிக்கணக்கை மணிக்கணக்காக மாற்றிய பிறகு எண் தலைகீழாகச் சிறுத்திருந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள்.

பஸ் ஜன்னலில் ஒரு பாடம்

தர்மபுரியிலிருந்து காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் இல்லை என்பதால் எங்களுக்கு எல்லாமே பஸ்தான். கணக்கு எளிதாக இருக்க, தூரம் 48 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பஸ் 1 மணி 12 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வேகம் என்ன?

பாதிப் பிள்ளைகள் 48-ஐ 1.12-ஆல் வகுப்பார்கள். விடை 42.86 என்று பார்க்க நன்றாகத்தான் வரும், அதுதான் ஆபத்து. ஒரு மணிக்கு 60 நிமிடம், 100 இல்லை. 12 நிமிடம் என்பது ஒரு மணியில் ஐந்தில் ஒரு பங்கு, 0.2. ஆகவே 1.2 மணி. 48-ஐ 1.2-ஆல் வகுத்தால் மணிக்கு 40 கி.மீ. கால் மணி 0.25, அரை மணி 0.5, முக்கால் மணி 0.75, ஆறு நிமிடம் 0.1. இவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அதிகப் பலன் கொடுத்தது இந்த அட்டைதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி தானாக வரும். "ஹைவேஸ்ல பஸ் 80-ல பறந்துச்சே, எப்படி 40?" ஸ்டாப்பில் நின்ற நேரம், ஊருக்குள் ஊர்ந்த நேரம், எல்லாம் சேர்ந்துதான் அந்த 1 மணி 12 நிமிடம். மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். டிரைவர் முன்னால் உள்ள முள் காட்டுவது அந்தக் கணத்தின் வேகம். பஸ் காவேரிப்பட்டணத்தில் நிற்கும்போது முள் சுழியத்தில் கிடக்கும். சராசரி கணக்கில் அந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

சராசரியில் ஒரு கண்ணி இருக்கிறது. மேட்டில் 6 கி.மீ. சைக்கிளை மிதித்து ஏறுகிறீர்கள், மணிக்கு 10 கி.மீ. அதே வழியில் மணிக்கு 30-இல் இறங்குகிறீர்கள். சராசரி? எல்லோரும் 20 என்பார்கள். ஏற 36 நிமிடம், இறங்க 12 நிமிடம், மொத்தம் 48 நிமிடத்தில் 12 கி.மீ. சராசரி மணிக்கு 15 கி.மீ.தான். மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் அது சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது என்று நூறு முறை சொல்வதைவிட இந்த ஒரு கணக்கைப் போட வைப்பது மேல்.

இனி ஜன்னலோர சீட் கிடைத்தால் வெறுமனே உட்கார வேண்டாம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல் ஒன்று தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 3,600-ஐ வந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 60 நொடி என்றால் 60, 45 நொடி என்றால் 80, 72 நொடி என்றால் 50. கையையும் தலையையும் வெளியே நீட்டாமல் செய்யும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விளையாட்டு.

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில் உண்டு. மூடிய கேட்டுக்கு வெளியே, தண்டவாளத்துக்குத் தள்ளி நின்றுகொண்டு, ஒரு கம்பத்தை எஞ்சின் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டி தாண்டும்வரை நேரம் பாருங்கள், பெட்டிகளையும் எண்ணுங்கள். இப்போது ஓடும் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். எஞ்சினையும் ஒரு பெட்டியாக எண்ணி 18 வந்தால் 432 மீட்டர். 27 நொடி ஆனால் நொடிக்கு 16 மீட்டர், மணிக்கு 57.6 கி.மீ. 'ஒரு ரயில் கம்பத்தைக் கடக்கிறது' என்று புத்தகத்தில் வரும் கணக்கு ஏன் ரயிலின் நீளத்தைக் கேட்கிறது என்று அன்றைக்குப் புரியும்.

சித்திரை வைகாசியில் இடி மழை வரும்போது வீட்டுக்குள் இருந்தபடியே இன்னொன்றும் செய்யலாம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். ஒளி நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போவதால் மின்னல் உடனே கண்ணுக்கு வந்துவிடும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் இடி நம்மை நோக்கி வருகிறது, மாட்டைக் கொட்டகையில் கட்டிவிட்டு வெளியே போகாமல் இருப்பது நல்லது.

மாந்தோப்பில் குறுக்கே

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வேறுபாடு சொல்ல எங்கள் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. கிருஷ்ணகிரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மாந்தோப்பு. வரிசை பிடித்து, மரத்துக்கு மரம் சுமார் 10 மீட்டர் விட்டு நட்ட தோப்பு கிடைத்தால் இயற்கையே கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்த மாதிரி. ஒரு மரத்தடியில் பிள்ளையை நிறுத்துங்கள். கிழக்கே மூன்று மரம் நடக்கட்டும், 30 மீட்டர். அங்கிருந்து வடக்கே நான்கு மரம், 40 மீட்டர். நடந்த தொலைவு 70 மீட்டர். இப்போது புறப்பட்ட மரத்தடியில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, குறுக்கே நேராக இழுத்து அளந்து பாருங்கள். 50 மீட்டர் வரும். அதுதான் இடப்பெயர்ச்சி, கூடவே திசையையும் சொல்ல வேண்டும், வடகிழக்காக 50 மீட்டர்.

மறுபடி புறப்பட்ட மரத்துக்கே வந்துவிட்டால்? கால் வலிக்கும், இடப்பெயர்ச்சி சுழியம். இதை முதலில் ஒரு பிள்ளையும் ஏற்காது. "இவ்ளோ நடந்தேனே!" என்று அடம் பிடிக்கும். எவ்வளவு நடந்தாய் என்பது ஒரு கேள்வி, எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறாய் என்பது வேறு கேள்வி என்று பிரித்துச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கான விடையை நேரத்தால் வகுத்தால் வேகம், இரண்டாவதை வகுத்தால் திசைவேகம். தோப்பில் அந்த 70 மீட்டரை 50 நொடியில் நடந்திருந்தால் சராசரி வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், சராசரி திசைவேகம் வடகிழக்கே நொடிக்கு 1 மீட்டர். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காய்க்கும் பருவத்தில் இந்தப் பாடத்தை வைத்தால் யாரும் கயிறு பிடிக்க மாட்டார்கள், கை வேறு எங்கோ போகும்.

கோலிக்குண்டு

ஒவ்வொரு நொடியும் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை முடுக்கம் என்கிறோம். பஸ் நின்ற நிலையிலிருந்து 10 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தைப் பிடித்தால், ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடியிருக்கிறது. நொடிக்கு மீட்டர் என்பதே ஒருமுறை வகுத்தது, அதை மறுபடி நொடியால் வகுப்பதால்தான் மீ/வி² (வி என்றால் விநாடி, நம் நொடிதான்) என்று அந்தச் சின்ன 2 வருகிறது. கேட்டால் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் பைப். 3 மீட்டர் நீளத்துக்கு நெடுக்காக இரண்டாகப் பிளந்த பைப் என்றால் உள்ளே தெரியும். ஒரு முனைக்குக் கீழே 10 செ.மீ. உயரத்துக்கு நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, நடுவில் தொய்யாமல் முட்டுக் கொடுங்கள். சரிவு இவ்வளவு லேசாக இருந்தால்தான் கோலி மெதுவாக உருளும், நேரம் பார்க்க முடியும். மேலிருந்து 75 செ.மீ.-இல் ஒரு கோடு. கோலியைத் தள்ளாமல் விடுங்கள். 75 செ.மீ. கடக்க எத்தனை நொடி, முழு 3 மீட்டரையும் கடக்க எத்தனை நொடி?

எங்களுக்கு முதலாவது 2.7 நொடிக்குப் பக்கத்திலும், இரண்டாவது 5.4 நொடிக்குப் பக்கத்திலும் வந்தது. தூரம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு. கோலி ஒரே வேகத்தில் போயிருந்தால் நேரமும் நான்கு மடங்கு ஆகியிருக்கும். ஆகவில்லை, ஏனென்றால் போகப் போக வேகம் கூடுகிறது. நானூறு ஆண்டுக்கு முன் இத்தாலியில் கலிலியோ சரிவுப் பலகையில் உருண்டையை உருட்டிக் கண்டதும் இதே இரண்டுக்கு நான்கு கணக்குத்தான். அவரிடம் ஸ்டாப்வாட்ச் இல்லை. உருண்டை உருளும் நேரத்தில் மெல்லிய தாரையாக வடியும் தண்ணீரைப் பிடித்து, அதை எடை போட்டு நேரத்தை அளந்தார். தண்ணீரில் நேரம் பார்த்தவர் என்று சொன்னதும், எங்கள் பிள்ளைகள் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு அதையும் செய்து பார்த்தார்கள். திண்ணை நனைந்தது, விடை ஓரளவுக்கு வந்தது.

வேகம் குறைந்தால் எதிர் முடுக்கம். இதைச் சொல்லும்போது தொப்பூர் கணவாயைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது சரிவில் இறங்கும் அந்த ரோட்டில் நடந்த விபத்துகளைக் கேள்விப்படாத பிள்ளை இங்கே இல்லை. மணிக்கு 72 கி.மீ.-இல் வரும் லாரி நொடிக்கு 20 மீட்டர் போகிறது. எதிரே ஆபத்தைப் பார்த்து டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 20 மீட்டர் போய்விட்டது. நாம் சந்தில் சாக்பீஸ் கோடு போட்ட அதே நீளம். அப்புறம் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 4 மீட்டர் குறைந்துகொண்டே வந்தால் நிற்க 5 நொடி, அதற்குள் இன்னும் 50 மீட்டர். வேகம் பாதியாக இருந்தால் அந்த 50 மீட்டர் 25 ஆகாது, 12.5 ஆகும். கோலிக்குண்டு காட்டிய நான்கு மடங்குதான் இங்கேயும் திரும்பி வருகிறது.

கடைசியாகக் கோடு

தொலைவு-காலம் வரைபடத்தை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். கட்ட நோட்டில் கீழே நேரம், பக்கவாட்டில் தூரம். ஒரே வேகத்தில் நடந்தால் சாய்ந்த நேர்கோடு. வேகமாக நடந்தால் கோடு செங்குத்துப் பக்கம் நிமிரும். நின்றால் கிடைக்கோடு. கோலிக்குண்டு மேல்நோக்கி வளைந்து போகும். ஒருவர் செங்குத்தாகவே கோடு போட்டுவிட்டால், நேரமே ஆகாமல் இவ்வளவு தூரம் எப்படிப் போனாய் என்று மட்டும் கேளுங்கள்.

எடுத்துக்கொடுத்த எண்களை வைத்து வரைய வைக்காமல், காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன கதையை வரையச் சொல்லுங்கள். ஏழாவது படிக்கும் பையன் ஒருவனின் கோடு கொஞ்சம் ஏறி, கொஞ்ச நேரம் தட்டையாகக் கிடந்து (தெருமுனையில் நண்பனுக்காகக் காத்திருந்தது), மறுபடி ஏறி, பிறகு சரசரவென்று கீழே இறங்கிச் சுழியத்தைத் தொட்டு, அங்கிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்து ஓடியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை. "தூரம் எப்படிடா குறையும்? நடந்த தூரம் கூடிக்கிட்டேதானே போகும்?"

அவள் கேட்டது நியாயம்தான். பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். 'வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தான். அப்படியானால் கோடு இறங்கலாம். 'மொத்தம் நடந்தது' என்று எழுதியிருந்தால் இறங்கக் கூடாது. மாந்தோப்பில் பிரித்த அதே இரண்டு கேள்விகள்.

"சரி, ஏன் திரும்பி வந்தே?"

"டிபன் பாக்ஸ மறந்துட்டேன் அக்கா. அதான் கடைசிக் கோடு அவ்ளோ நட்டுக்கிட்டு நிக்குது, ஓடுனேன்."